மலையிறக்கத்தில் வந்த போன்

போன மாதம் நானும் என் மனைவியும் நாமக்கல்லுக்குப் போய் ஒரு படம் பார்த்தோம். இப்போது வருகிற படங்களில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. கதை திடீரென்று பின்னால் போகிறது, திடீரென்று முன்னால் வருகிறது. கதாநாயகனுக்கு என்னைவிட வயது கூட இருக்கும். அவன் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் கீழே வைப்பதில்லை. சரி, முடிந்தது என்று காலால் செருப்பைத் துழாவினால், மீதி அடுத்த பாகத்தில் என்று எழுத்துப் போடுகிறார்கள். இருந்தாலும் புதுப் படம் எதையும் நான் விடுவதில்லை. விளக்கை அணைத்துவிட்டால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நானும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அதுவே பாதி சந்தோஷம்.

அந்தப் படத்தில் கதாநாயகன் லாரி ஓட்டினான். முழு லோடு, மலையிறக்கம். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போன். காதலியிடம் சிரித்துப் பேசிக்கொண்டே வளைவில் திருப்புகிறான். நேரான ரோட்டில்கூட ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். நிஜத்தில் அப்படி ஆட்டினால் தார்ப்பாய்க்குள் இருக்கிற லோடு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி என் காதருகே குனிந்து சொன்னாள்:

"பாருங்க, இவனுக்கு உங்களாட்டம் போனைக் கட் பண்ணத் தெரியல."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. படத்தின் மீதி என் மனதில் ஏறவில்லை. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு எங்கே போய்க் குத்தியது என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். பிறகு டிரைவர். கடைசி பல வருடங்கள் என் மச்சானின் வண்டியைத்தான் ஓட்டினேன். மச்சான் என்றால் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். புதுச்சத்திரம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி அவருக்கு லாரி ஷெட் இருக்கிறது. செல்போன் வந்த புதிதில் ஒரு முறை, மலையிறக்கத்தில் மனைவியின் போனை எடுக்கப் போய் வண்டி ஓரச் சுவரை உரசி நின்றது. அதை நான் மறைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் ஒரு வழக்கம் வைத்தாள். வண்டி ஓட்டும்போது அவள் கூப்பிட்டால் நான் எடுக்கவே கூடாது, கட் பண்ண வேண்டும். கட் ஆனால், கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறான் என்று அவள் தெரிந்துகொள்வாள். வண்டியை ஓரம் கட்டியதும் நான் கூப்பிட வேண்டும். அவள் எந்த ராத்திரி கூப்பிட்டு நான் கட் பண்ணினாலும், அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வருமாம்.

இரண்டு வருடம் முன்பு ஷெட்டில் வைத்து எனக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, அப்போது வண்டியில் இல்லை. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் என்னைக் கைவிடவில்லை. டயருக்குக் காற்று பார்ப்பது, கிரீஸ் அடிப்பது, வருகிற வண்டி போகிற வண்டியைக் கவனிப்பது என்று ஷெட்டிலேயே வேலை கொடுத்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போவேன்.

அந்தச் சமயத்தில் மனைவி அடிக்கடி கேட்பாள். "ஏனுங்க, வண்டி ஞாபகம் வருதுங்களா?"

"அது கெடக்குது. இப்பத்தான் நிம்மதியா இருக்கறன்" என்பேன்.

அது பொய். லோடுக்காகக் காத்திருந்த ஒரு டிரைவர் போனில் லாரி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்று மத்தியானமே அது என் போனிலும் ஏறிவிட்டது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. நிறத்தையும் படத்தையும் வைத்துப் பழகிக்கொண்டேன். எங்கெங்கிருந்தோ அதே ரோட்டில் ஆடுகிற மற்றவர்கள் ஆளுக்கு ஆள் இடித்துத் தள்ளிக்கொண்டு பறப்பார்கள். நான் திரும்பும் முன் விளக்குப் போடுவேன். பள்ளிக்கூடம் வந்தால் ஹாரன் அடிக்க மாட்டேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் சின்ன கியரிலேயே இறங்குவேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். கட்டிலில் உட்கார்ந்து ஆடும்போது என் இடது கால் தானாகத் தரையை அழுத்தும், கிளட்ச் அங்கே இருப்பதுபோல. மனைவி கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலைக்குப் போகிறவள். அவள் வரும் சத்தம் கேட்டால் போனைக் கவிழ்த்துவிடுவேன். என்ன பார்க்கிறீர்கள் என்றால், செய்தி என்பேன்.

போன வருடம் மச்சான் புது வீடு கட்டி முடித்திருந்தார். வீடு குடிபோகும் நாள் நெருங்கிவிட்டது. முறைப்படி அங்கே முதலில் பால் காய்ச்ச வேண்டியவள் அவர் கூடப் பிறந்த தங்கை, அதாவது என் மனைவி. எனக்குப் புதுச் சட்டை எடுக்க வேண்டும் என்று மனைவி பண்ணைக்கு லீவு போட்டுவிட்டுச் சேலம் போயிருந்தாள். மத்தியானம் நான் வீட்டில் தனியாக ஒரு மலையிறக்கத்தில் இருந்தேன். லோடு பெரிய குழாய்கள். அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவு. அப்போது திரையின் மேலே அவள் படம் வந்து போன் அடித்தது. நான் யோசிக்கவே இல்லை. என் கட்டைவிரல் தானாகப் போய்ச் சிவப்பைத் தொட்டது. கட். அடுத்த வளைவையும் நல்லபடியாகத் திருப்பினேன்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபிறகு அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினேன். போகிற வழியில் டயர் கடையில் ஒரு வேலை இருந்ததால் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நான் ஷெட்டில் நுழைந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் அங்கே இல்லை. மெக்கானிக், "தங்கச்சியம்மா வந்துட்டுப் போனாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போனால் அவள் சேலம் போன சேலையோடே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சட்டைப் பை இல்லை.

"எந்த வண்டிங்க?" என்றாள்.

"என்ன வண்டி?"

"என்னைய ஏமாத்தாதீங்க. நீலமா, சந்தனக் கலரான்னு கேக்கலாம்னு கூப்புட்டேன். கட் பண்ணுறீங்க. கட்டுன்னா கை ஸ்டியரிங்குலன்னுதான அர்த்தம்? சட்டையப் போட்டது போட்டபடி பஸ் ஏறி ஷெட்டுக்குப் போனேன். சீக்குக்காரன் கையில வண்டியக் குடுத்திருக்கயே, தங்கச்சி தாலி உனக்கு அவ்வளவு லேசாப் போச்சான்னு அத்தன பேருக்கு முன்னால எங்கண்ணனக் கேட்டுப்போட்டேன்."

"நான் வண்டி ஓட்டலை."

"அப்பறம் எதுக்குக் கட் பண்ணுனீங்க?"

அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை போதும். எனக்கு வரவில்லை. தலை நரைத்த ஆள் பொம்மை லாரி ஓட்டினேன் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் ஒரு பக்கம். அதைச் சொன்னால், வண்டி ஞாபகமே இல்லை என்று இத்தனை நாள் சொன்னதும் பொய் என்று சொன்னது மாதிரி ஆகும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறக்காததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"பால் காய்ச்ச நான் போகமாட்டேன். வேற யாரையாவது வெச்சுக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான் அவள்.

மறுநாள் காலை மச்சான் என்னை ஷெட்டுக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கியிருக்கும் பக்கம் கூட்டிப் போனார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மாப்ள, யார் வண்டிய எடுத்தீங்க? நம்ம வண்டி ரெண்டும் லோடுல இருக்குதுங்க. வேற யாராச்சும் ஓட்டச் சொன்னாங்களா?"

நான் அடுக்கிலிருந்த ஒரு டயரைத் தட்டிப் பார்த்தேன்.

"பரவால்ல உடுங்க. ஆசை இருக்குமல்ல. நாந்தான் வெளிய நின்ன ஒருத்தர் வண்டிய நகத்தி வெக்கச் சொன்னேன்னு அத்தன பேரு முன்னாலயும் தங்கச்சி அம்மிணிகிட்டச் சொல்லிப்போட்டேன். உங்களக் கேக்கறதுக்கு என்னையக் கேக்கட்டும். ஆனா இனிமே வேண்டாம் சாமி."

எனக்காக அவர் பொய் சொல்லியிருக்கிறார். செய்யாத தப்பைத் தன் டிரைவர்கள் முன்னால் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். தங்கை அவர் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு விளையாட்டு லாரியின் குழாய் லோடுக்காக.

"மச்சான், வண்டியே இல்லீங்க. போன்லீங்க" என்று சொல்லிப் போனைத் திறந்து காட்டினேன்.

அவர் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெகு நேரம் பார்த்தார். "இது நம்ம வண்டிக் கலருங்களே" என்றார். ஆமாம், அவருடைய வண்டியின் பச்சையையே நான் அதற்கும் தேடிப் பிடித்துப் போட்டிருந்தேன். முதலில் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க மாப்ள, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? இதுக்கா அவகிட்ட அத்தன பேச்சு வாங்கினேன்?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்து, "நான் சொல்லமாட்டேன். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"எங்கண்ணனே வாயால சொல்லிப்போட்டான், நகத்தச் சொன்னேன்னு. இப்ப ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு இந்தப் பொம்மையக் காட்டறீங்களா?"

"அவரு எனக்காகச் சொன்னாரு."

"சரி. ஓட்டுங்க பாக்கலாம்."

அவள் எதிரில் நிற்கும்போது விரல் வரவில்லை. முதல் வளைவிலேயே வண்டி பாறையில் மோதியது. அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து வண்டியை எடுத்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்பதுகூட மறந்து, உச்சி தாண்டி இறக்கத்தில் பாதி தூரம் வந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. அவள் படம். என் கட்டைவிரல் அதுபாட்டுக்குப் போய்ச் சிவப்பைத் தொட்டது.

தலையைத் தூக்கினால், சமையலறை வாசலில் அவள் தன் போனைக் காதில் வைத்தபடி நிற்கிறாள். என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஞாபகம் வர்றதில்லைன்னீங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, நாந்தான். பால் காய்ச்ச வாரேன். ஊட்டுல புதுப் பானை இருக்குதா, நான் வாங்கியாரட்டுமா?" என்று, நடுவில் எதுவுமே நடக்காததுபோலப் பேசினாள். அந்தப் பக்கம் மச்சான் என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. அவள் மட்டும் இரண்டு முறை "உடுண்ணா, உடு" என்றாள்.

புது வீட்டில் பால் பொங்கியது. நான் பழைய சட்டையோடு ஓரமாக நின்றேன். பந்தியில் மச்சான் என் இலைக்கு முன் வந்து, "மாப்ள, நல்லாச் சாப்புடுங்க, ராத்திரிக்கு மலை எறங்கோணும்" என்றார். மனைவி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. ஷெட்டிலிருந்து வந்திருந்த டிரைவர்களும் மெக்கானிக்கும் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் புரியவில்லை. காசு மிச்சம் பிடிக்கச் சீக்குக்காரனுக்கு வண்டி கொடுத்த முதலாளி என்றுதான் இன்றைக்கும் அவர்கள் மச்சானை நினைத்துக்கொண்டிருப்பார்கள். தினமும் அவர்களோடு டீ குடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். மச்சானும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

இப்போது நான் போனைக் கவிழ்ப்பதில்லை. மனைவி இருக்கும்போதே ஆடுகிறேன். அந்த நேரத்தில் அவள் வெளியிலிருந்து கூப்பிடுவதில்லை. வீட்டில் இருந்தால், டீயோ வேறு ஏதோ சொல்ல வேண்டியதோ இருந்தால், வாசற்படியில் வந்து நிற்கிறாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் காலைப் பார்க்கிறாள். கால் தரையை விட்டு எழும்வரை பேசுவதில்லை.

நேற்றும் அப்படித்தான் நின்றாள். "குடுத்துட்டுப் போயேன், எதுக்கு நிக்கற?" என்றேன்.

"வளைவு முடியட்டுமுங்க" என்றாள்.

நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டம்ளரை வாங்கினேன். டீ ஆறியிருந்தது. சூடு பண்ணித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்று அப்படியே குடித்தேன்.