கண்காணிப்பாளர் சுட்ட குக்கீஸ்

என் வீட்டு வாசலில் அவர் தயங்கி நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். பாலக்கரையில் எங்கள் சந்து, ஒரு ஸ்கூட்டர் நின்றாலே அடைத்துக்கொள்ளும். அந்தச் சந்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருமண்ணுமாக எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் நின்றிருந்தார். கையில் ஒரு நீளக் குறிப்பேடு. ஏதோ கோப்பில் தப்புச் செய்துவிட்டேன், அதற்காக வீட்டுக்கே வந்துவிட்டார் என்று பயந்துபோனேன்.

பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதி ஒன்றில் வீடு. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நான் சுட்ட கேக்கை எல்லா மேசைக்கும் கொண்டுபோவேன். அவருக்கென்று முட்டை சேர்க்காமல் தனியாகச் செய்வேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். மத்தியானம் அது பக்கத்து மேசைக்காரரின் டப்பாவில் இருக்கும். யார் வீட்டுப் பண்டத்தையும் அவர் தொடுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் வருடாவருடம் வலித்தது.

அன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டார். "பால், வெண்ணெய், முட்டை எதுவும் சேராம சாக்லேட் சிப் குக்கீஸ் பண்ண முடியுமாம்மா? எனக்குக் கத்துக்கணும்."

அவர் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். பெங்களூரில் வேலை பார்த்த பெண், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனபின் திரும்பி வந்திருந்தாள். ஏதோ ஒரு பால் பண்ணையில் கன்றுகளை நடத்தும் விதத்தைப் பார்த்துவிட்டு, பால் தயிர் நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். அவரும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார், ஒருநாள் கோயிலிலிருந்து பிரசாதமாக அக்காரவடிசில், பாலில் வெந்த சர்க்கரைப் பொங்கல், வரும்வரை.

"கையை நீட்ட மாட்டேன்னுட்டா. பாலும் நெய்யும் இருக்குப்பான்னா. பெருமாள் பிரசாதத்தை வேண்டாம்ங்கறவளுக்கு இந்த ஆத்துல என்ன வேலைன்னு கேட்டுட்டேன்." குறிப்பேட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "எட்டு மாசம் ஆச்சு, என்னோட பேச்சே இல்ல. அவ சமைச்சு அவ ரூம்ல சாப்பிடறா. நான் சமைச்சு ஹால்ல சாப்பிடறேன். பொங்கலுக்கு அப்புறம் புனேக்கு வேலைக்குப் போறாளாம். இப்படியே போயிட்டான்னா..."

குக்கீஸ் எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

"சின்ன வயசுல அதைத்தான் கேட்டு அழுவா. பேக்கரின்னா முட்டை இருக்கும்னு நான் வாங்கவே விடல."

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "சார், என் ஓவன்ல முட்டை கேக்கும் சுடுவேன்."

குறிப்பேட்டைத் திறந்தார். "முறையைக் கத்துக்குடுங்க. ஆத்துக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றார்.

அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். சமையலறை மூலையில் நின்று, நான் சொன்னதையெல்லாம் கோப்பில் குறிப்பு எழுதுகிற அதே நுணுக்கத்தோடு எழுதிக்கொண்டார். முட்டைக்குப் பதில் ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைப்பது, வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், பாலுக்குப் பதில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். முதல் வாரம் எண்ணெய் அதிகமாகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாகப் பரவிக் கிடந்தது. இரண்டாவது வாரம் மாவைக் குளிர வைத்துச் சுட்டோம். உருண்டையாக, ஓரம் சிவந்து, அழகாக வந்தது. நான் திருப்தியாக அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால், அவர் சன்னல் வெளிச்சத்தில் சாக்லேட் சிப்ஸ் பாக்கெட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுல பால் பவுடர் இருக்கும்மா."

கடுகளவு எழுத்து. கறுப்பு சாக்லேட் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி நான் வாங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இதைத் தெரியாம குடுத்திருந்தா, அவ ஆயுசுக்கும் என்னை நம்ப மாட்டா" என்று மட்டும் சொன்னார். அலுவலகத்தில் அவருடைய அந்தக் கண்ணுக்குப் பயந்து நாங்கள் நடுங்கியிருக்கிறோம். அதே கண் மகளுக்காக ஒரு பாக்கெட்டை வரிவரியாகப் படிப்பதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் அந்த மனிதரை நான் ஒரு பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

அடுத்த வாரம் தில்லைநகரில் தேடி, பால் சேராத சாக்லேட் கட்டி வாங்கி வந்தார். கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கினார். குக்கீஸ் ஆறியதும் தட்டை மேசையில் வைத்தேன். நான் ஒன்றை எடுத்துக் கடித்து, நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ருசி பாக்காம, அவளுக்கு எப்படிச் சரியா பண்றது?"

என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. ஒன்றை எடுத்தார். பாதியாக உடைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டு, மெதுவாக மென்றார். நான் திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவுவதுபோல் குழாயைத் திறந்துவிட்டேன். என் கண் நிறைந்ததை அவர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

"நன்னா இருக்கு" என்றார். மீதிப் பாதியையும் சாப்பிட்டார்.

மார்கழி கடைசியில் ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்துக்கு வந்ததும் என் மேசைக்கு அருகில் வந்து நின்றார். வீட்டுக்கென்று வாங்கிய சின்ன ஓவனில் முந்தின நாள் தானே சுட்டிருக்கிறார்.

"முதல்ல பெருமாளுக்கு அமுது செய்யப் பண்ணினேன். அப்புறம் தட்டை அவ ரூம் வாசல்ல கொண்டுபோய் நீட்டினேன். பாக்கெட் எல்லாத்தையும் கூடவே எடுத்துண்டு போனேன், படிச்சுப் பாத்துக்கட்டும்னு."

"படிச்சாங்களா சார்?"

"பாக்கெட் ஒண்ணையும் தொடல. பிரசாதம்னு சொன்னேன். கண்ணுல ஒத்திண்டு வாங்கிண்டா."

"என்ன சொன்னாங்க?"

"சர்க்கரை ஜாஸ்தின்னா." எட்டு மாதத்தில் மகள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. மேசை மேலிருந்த கோப்பு ஒன்றைக் காரணமில்லாமல் எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஓய்வு பெற்றபின் மகளோடு புனேயில்தான் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. பால் குடிப்பது பாவமா என்று இன்னும் சண்டை நடக்கிறது, யாரும் யாரிடமும் தோற்கவில்லை. அவருக்கு மோர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது. அவள் பால் பாத்திரத்தைத் தொட மாட்டாள். போன வாரம் பேசும்போது முட்டிவலி அதிகம், மாடி இறங்க முடியவில்லை என்றார்.

"அப்ப தயிருக்கு என்ன சார் பண்றீங்க?"

"அவதான் கடைக்குப் போய் வாங்கிண்டு வரா" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போறா. ஆனா ஒருநாளும் மறந்ததில்லை."