அத்தை சாகும் காட்சி

அத்தை உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கருமாதி செய்தவர் என் அப்பா. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தங்கை, தோட்டத்துக்கு நாடகம் போட வந்தவர்களோடு கொழும்புக்குப் போய்விட்டாள் என்று மொட்டை அடித்து, பதினாறாம் நாள் லயத்து வீடுகள் அத்தனைக்கும் சோறு போட்டாராம். அதே அப்பா வருஷா வருஷம் காமன் கூத்தில் சேலை கட்டி ரதியாக ஆடுவார். ஆம்பிளை சேலை கட்டினால் சாமி காரியம், பொம்பிளை மேடை ஏறினால் மானக்கேடு. அப்படியொரு நியாயம்.

அத்தை கொழும்பு மேடைகளில் பேர் வாங்கி, பேரையும் மாற்றிக்கொண்டு, சென்னைக்குப் போய்ச் சினிமாவில் ராணியாகவும் பிச்சைக்காரியாகவும் நடித்து ஊரையே அழவைத்தாள். எங்கள் வீட்டில் மட்டும் அவள் பேச்சை எடுக்கக்கூடாது.

எனக்கு ஒன்பது வயதில் அவள் படமொன்று ஹட்டனுக்கு வந்தது. எனக்குப் பல்வலி, மருந்து வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு ஒரு வலியும் இல்லை. மருந்துக்கடையைத் தாண்டி நேரே பகல்காட்சிக்குப் போனோம். கடைசியில் அத்தை கட்டிலில் படுத்து இருமத் தொடங்கியதும் அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அவ்வளவு தூரம் நடந்து போய் முடிவு பார்க்காமல் வருவதா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்டால், "சாகறத எதுக்குப் பாக்கணும், நட" என்பார்.

அந்த வாரம் கடைக்கார நானா பேப்பரைப் பிரித்து, அத்தை சென்னையில் காய்ச்சலில் இறந்துபோன செய்தியைத் தயங்கித் தயங்கி வாசித்தார்.

"அவ செத்து பத்து வருசமாச்சுங்க நானா" என்று சொல்லிவிட்டு, அப்பா சீனியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

சாவு மேளமாகத் தப்பு அடிக்கவில்லை. துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. ஒருத்திக்கு எத்தனை தரம் கருமாதி செய்வது?

அந்த ஞாயிறும் போனோம். அத்தை இருமினாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் கண்ணை மூடி, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு போகும்வரை இருந்தோம். அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். படம் பார்த்து அழாத ஆள் உண்டா? முழுக்கதையும் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் நான் வழியெல்லாம் வாயாடிக்கொண்டே வந்தேன்.

லயத்துக்கு வந்ததும் அப்பா வீட்டுப் படி ஏறவில்லை. என்னையும் ஏறவிடாமல் தண்ணீர்ப் பீலிக்குக் கூட்டிப்போய், கொட்டுகிற தண்ணீருக்கடியில் உடுத்த துணியோடு நிறுத்தி, தானும் நின்றார். உடம்பு விறைத்துப்போனது. அம்மா ஓடிவந்தாள்.

"இந்தக் குளிருல புள்ளைய எதுக்குங்க நனைக்கிறீங்க?"

 அப்பா முகத்தைப் பார்த்த அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் சொல்லிப் படம் பார்த்ததற்குத் தண்டனை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.