மாமனார் கொண்டுவந்த புலிப்பல்

அது 1930-களின் நடுப்பகுதி. மலாயாவில், பினாங்கு ரோட்டில் ஒரு சீனப் பல் மருத்துவரிடம் பொய்ப்பல் கட்டும் வேலையில் இருந்தேன். மெழுகில் அச்செடுப்பது, ரப்பரில் ஈறு வார்ப்பது, ஒவ்வொரு பல்லாக அராவிப் பொருத்துவது எல்லாம் நான்தான். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்து சிரிப்பவரின் எந்தப் பல் சொந்தம், எது கட்டிய பல் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவேன். அதனாலேயே என்னோடு சாப்பிட வர ஆள் குறைவு.

எங்கள் மூத்த மகனுக்கு ஒரு வயது நிறைந்ததும், தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தோம். அதற்காக என் மாமனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார். பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி போடும் விவசாயி. முதல் கப்பல் பயணம். வழியெல்லாம் வாந்தியெடுத்து ஆள் பாதியாகியிருந்தார். ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, பேரன் கழுத்தில் கட்ட ஒரு புலிப்பல்லை எடுத்து வைத்தார். அதைக் கட்டினால் பிள்ளை எதற்கும் பயப்படாதாம். பச்சைமலை அடிவாரத்தில் ஆடு பிடிக்க வந்த புலியை அவரே ஈட்டியால் குத்திய கதையும் கூடவே வந்தது.

கையில் வாங்கியதுமே அது புலிப்பல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் நீளம், கரும்பழுப்பு நிறம், பல்லுக்கு மீறிய கனம். புலியின் கோரைப்பல் வழவழப்பாக இருக்கும். இதில் மேலிருந்து கீழாக மெல்லிய வரிகள் ஓடின. முதலையோ என்றால், முதலைப்பல்லின் அடி குழல்போல் வெற்றாக இருக்கும், இது கெட்டி. சுறாவின் பல் தட்டை. வெள்ளிப்பூண் போட்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உண்மையில் மாமனாரின் குட்டை உடைக்கத்தான் கிளம்பினேன்.

அதிர்ஷ்டம் பாருங்கள், ஈயச் சுரங்கங்களுக்காகப் பாறை ஆராயும் ஒரு வெள்ளைக்காரர் அந்த வாரமே உடைந்த பல் செட்டோடு எங்களிடம் வந்தார். நான் நீட்டிய பல்லைப் பார்த்ததும் தன் பல்லை மறந்துவிட்டார். பையிலிருந்து லென்ஸை எடுத்து வேர்ப்பகுதியைக் காட்டினார். அது சேலைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருந்தது. எந்த ஊர் மண் என்று கேட்டார். திருச்சிக்கு வடக்கே என்றதும் தலையாட்டினார். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் கடலாம். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே நீந்திய ஒரு விலங்கின் பல், கல்லாகிக் கிடந்திருக்கிறது. உருவத்தில் மீன், பிறப்பில் பல்லி, முதலை போன்ற ஊர்வன. இக்தியோசார் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் இது எந்த இனம் என்பதை ஒற்றைப் பல்லை வைத்து அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அதுவே போதும், புலி இல்லை!

காது குத்துக்கு முதல் நாள் காலை, அடுப்படியில் மனைவியிடம் இதைச் சொன்னேன். நாளைக்குப் பந்தியில் உங்கப்பா புலிக் கதையை ஆரம்பிக்கட்டும், நான் முடித்துவைக்கிறேன் என்று சிரித்தேன். அவள் மாவுக் கையோடு நிமிர்ந்தாள்.

"அது கல்லுன்னு எனக்குச் சின்ன வயசுலேயே தெரியுங்க. மழை பேஞ்சா எங்க பருத்திக் கொல்லையில அந்த மாதிரி கெடக்கும். எனக்கும் அப்பா அதத்தான் கட்டிவிட்டாரு. அதே புலி, அதே ஈட்டி."

தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றேன்.

"தெரிஞ்சும் அதப் புடிச்சுக்கிட்டுத்தான் ஒரு வாரம் கப்பல்ல வந்தேன். மொகத்தக்கூடச் சரியாப் பாக்காத உங்கள நம்பி."

இந்த ஊருக்கு வந்திறங்கிய அன்று அவள் பயந்திருப்பாளே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காது குத்து முடிந்து வீட்டில் பந்தி. மாமனார் புலியைக் குத்தி முடித்தார். துறைமுகத்தில் சரக்குப் படகு ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீதான் பல்லு ஆளாச்சே. நீ சொல்லுலா, நெசமாவே புலியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் பார்க்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது. வந்த நாளிலிருந்து அவர் இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"புலிதாண்ணே. நல்லா வளந்த ஆண் புலி" என்றேன்.

மாமனாரின் கை மறுபடி சோற்றைப் பிசைந்தது. என் மனைவி எனக்கு மூன்று முறை பாயசம் ஊற்றினாள், மூன்றையும் குடித்தேன்.

ஊர் திரும்பும் நாளில், துறைமுகத்தில், கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுக்குக் காத்திருந்தபோது மாமனார் என்னைத் தனியே அழைத்தார். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும்தானே என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தெரியும் மாமா என்றேன். அப்படியானால் அது எதனுடைய பல் என்று கேட்டார். பாவம், அத்தனை வருஷம் உழவில் பொறுக்கியவருக்கு அது தெரியாது, கேட்கவும் ஆளில்லை. கடலையும், அதில் நீந்திய அந்தப் பிராணியையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வாய் திறந்தபடி கேட்டார்.

"புலியவிடப் பெருசா, மாப்ளே?"

"ரொம்பப் பெருசு, மாமா."

மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை! வந்தபோது வாந்தியெடுத்த அதே கப்பலுக்குச் சிரித்துக்கொண்டே போனார். அதே உண்மையைப் பந்தியில் சொல்லியிருந்தால் அவர் தலை குனிந்திருக்கும், துறைமுகத்தில் சொன்னதால் நிமிர்ந்தது என்பதை நினைத்து, இன்றும் வாயைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் தயங்குகிறேன்.