குவைத்தில் நான், மண்சரிவில் என் பிள்ளை

என் கணவரின் தொலைபேசி அன்று காலை முழுவதும் வேலை செய்யவில்லை. நாத்தனார் புஷ்பத்தின் தொலைபேசியும் அப்படித்தான். குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, அந்த இரண்டு எண்களையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்தேன். மலையகத்தில் பன்வில பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் ஒன்று போய்விட்டது என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டது. எந்த லயம் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில்தான் என் கணவர் யோகராஜாவும், ஏழு வயது மகள் ரெபேக்காவும், புஷ்பமும் இருந்தார்கள்.

ஆண்டவருடைய பிள்ளைகளே, அப்போது அவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன்.

நான் குவைத்துக்குப் போகும்போது ரெபேக்காவுக்கு நான்கு வயது. வெளிநாட்டைப் பற்றிக் குறை மட்டும் சொன்னால் அது பொய்ச் சாட்சியாகிவிடும். அந்த வீட்டில் எனக்குத் தனி அறை கொடுத்தார்கள். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் எல்லோரோடும் நெருக்கியடித்துப் படுத்து வளர்ந்தவளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதே பெரிய காரியம். சம்பளம் தவறாமல் வந்தது. பல்வலி வந்தபோது வீட்டுக்கார மேடம் தானே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். வெள்ளைச் சீருடையில் மகள் பள்ளிக்கூடம் போகிற படம் வந்தால், அன்று முழுவதும் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவேன். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் தனி வீடு ஒன்று கட்டிவிடலாம் என்று இருந்தேன்.

ஆனால் ஞாயிறு ஆராதனை இல்லை. தமிழில் வாய்விட்டுப் பேச, பக்கத்து வீட்டில் வேலை செய்த பரீதாவைத் தவிர யாரும் இல்லை. ரெபேக்காவுக்கு முதல் பல் விழுந்தபோது அதைப் புஷ்பத்திடம்தான் காட்டினாள். போனில் “அம்மான்னு கூப்பிடு” என்று நான் சொன்னால், பக்கத்தில் நிற்கும் புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

அன்று மண்சரிவுச் செய்தியைக் கொண்டுவந்தவள் பரீதாதான். அவள் திகனயைச் சேர்ந்த முஸ்லிம் பெண். எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். ஊரில் இருந்தவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

என் முகத்தைப் பார்த்த மேடம், என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் பேசினார். பாதை மூடிக் கிடக்கிறது, பொறுத்திருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். உடனே புறப்பட்டாலும் விமானம் ஏற எத்தனை நாளாகுமோ தெரியாது.

உடுப்புத் துவைக்கும் அறைக்குள் போய், மெஷினுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். வழக்கமாக நீளமாக ஜெபிக்கிறவள் நான். அன்று வார்த்தை வரவில்லை. வீடு கட்டத்தானே வந்தேன், அதில் குடியிருக்க ஆளில்லாமல் போனால் என்ன செய்வேன் என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில், “ஆண்டவரே, என்னால போக முடியல. யாரையாவது அனுப்புங்க” என்று மட்டும் சொன்னேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், பின்வாசலில் பரீதா நிற்கிறாள்.

“செல்வி, எங்கட நானா லொறி ஓட்டுறவர்னு சொல்லியிருக்கேன்தானே? இப்பதான் பேசினேன். போய்ப் பாத்துட்டு வாறேன்னு கிளம்பிட்டார்.”

நானா என்று அவள் சொன்னது அவளுடைய அண்ணனை.

“ரோடு மூடிக் கெடக்குன்னு சொல்றாங்களே, பரீதா.”

“லொறி போற மட்டும் லொறியில போவார். மிச்சத்துக்கு அல்லாஹ் கால் குடுத்திருக்கான். நீங்க அழாம இருங்க.”

நான் கேட்டு முடிப்பதற்குள் ஆண்டவர் அனுப்பிவிட்டார்!

மறுநாள் மதியம் வீடியோ அழைப்பு வந்தது. தாடியெல்லாம் சேறு பூசிய, முன்பின் தெரியாத ஒரு முகம்.

“தங்கச்சி, நான் பரீதாட நானா. பயப்படாதீங்க. மூணு பேரும் இங்க பள்ளிக்கூடத்துல இருக்காங்க. இந்தாங்க, மகளோட பேசுங்க.”

“அம்மா, என் செருப்பு போயிருச்சு” என்றாள் ரெபேக்கா.

யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடிவந்த மேடமும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு என் கணவர் பேசினார். “மண்ணு உறுமுற சத்தம் கேட்டுச்சு செல்வி. புஷ்பம் புள்ளய தூக்கிக்கிட்டு ஓடுனா, நானும் பின்னாடியே ஓடுனேன். வீடு போயிருச்சு. போனெல்லாம் மண்ணுக்குள்ள. நாங்க இருக்கோம்.”

ஒன்றை மறைக்க மாட்டேன். எங்கள் லயத்துப் பாக்கியம் அக்கா பிழைக்கவில்லை. அவரும் ஜெபிக்கிறவர்தான். ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் எனக்கு விளங்கவில்லை. விளங்காமலேயே அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மேடம் தானே டிக்கெட் எடுத்து என்னை ஊருக்கு அனுப்பினார். பரீதாவின் நானா திகனயில் எங்களுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தார். நான் பல்லேகலயில் கார்மென்ட் வேலைக்குப் போகிறேன். தனி வீடு இன்னும் கட்டவில்லை. ஆனால் ரெபேக்காவுக்குத் தலை சீவி விடுவது நான்தான். முதல் சில வாரங்கள் அதற்கும் புஷ்பத்தைத்தான் தேடினாள். இப்போது என்னிடம் வந்து சீப்பை நீட்டுகிறாள்.

வெளிநாடு போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்களின் தேவை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அவர்கள் படுகிற தவிப்பும் எனக்குத் தெரியும். போன மாதம் ஜோர்தானில் வேலை செய்யும் ஒரு பெண், யாரிடமோ என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டாள். பன்வில பக்கத்தில் இருக்கும் தன் அம்மா போன் எடுக்கவில்லை என்று அழுதாள். வேலை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். அந்த அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். போன் பழுதாகிக் கிடந்தது, வேறொன்றுமில்லை. என் போனில் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, சூடாக ஒரு ரொட்டியும் சாப்பிட்டு வந்தேன்.

பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டுத் தவிக்கிறவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள், அவருக்கு விளங்கும். பன்வில, திகன பக்கம் யாரையாவது போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் என்னிடமும் சொல்லுங்கள். நான் போய்ப் பார்த்து வருகிறேன்.