வெள்ளைத் துணியில் பெரிய கொசு

கல்லூரி மைதானத்தில் இன்று இலவச நாடகம். கார்பைடு விளக்கின் நெடி எழுந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்றும் இதே சேலத்து மைதானம்தான். இதே கார்பைடு விளக்கொளியில், வெள்ளைத் துணியில் ஆளுயரக் கொசுப் படத்தைக் காட்டி, மலேரியாவைப் பற்றி டாக்டர் பேசினார். கூட்டம் சிரித்தது. அம்மாவின் மடியில் தம்பி காய்ச்சலில் நடுங்கினான். அந்த டாக்டரிடம் காட்டத்தான் நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்தோம்.

"ஏனுங்க, இப்பவே போயிக் கேக்கலாமுங்க," என்றாள் அம்மா.

"பெரியவங்க பேசறப்பக் குறுக்க போறதா? முடியட்டும், இரு," என்றார் அப்பா.

சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது. காய்ச்சல் இறங்கிவிட்டதென்று அம்மா நினைத்தாள்.

கூட்டம் கைதட்டிக் கலைந்தது. டாக்டர் தம்பியின் நாடியைப் பார்த்து, கையை மெல்லக் கீழே வைத்தார்.

"எப்ப வந்தீங்க?"

"மொதல்லயே வந்துட்டமுங்க," என்றார் அப்பா.

இப்போது நான் நர்ஸ். நாடகம் தொடங்கிவிட்டது. நான் மடிகளைப் பார்த்துக்கொண்டே வரிசை வரிசையாக நடக்கிறேன்.