பொட்டு வைத்த கற்கள்

ஓடைக் கல்லின் மேல் படிந்திருக்கும் கறுப்புத் தோலை நான் சுரண்டி எடுக்கும்போதெல்லாம், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அப்பா பக்கத்தில் நிற்பார். ராஜபாளையத்தில் நான் ஆய்வு செய்த கல்லூரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவருக்குப் பொழுது போக வேண்டுமே. மதியச் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் வந்து, சாயங்காலம் வரை ஆய்வுக்கூடத்தை மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

செவ்வாய்க் கிரகத்தில் இன்று ஆறில்லை. ஆனால் ஒருகாலத்தில் அங்கே ஓடிய தண்ணீர் மாங்கனீசு, துத்தநாகம், ஈயம் என்று உலோகங்களை இம்மி இம்மியாகப் பாறையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த இம்மியை அளந்தால் தண்ணீரின் குணத்தை ஊகிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, இன்றும் தண்ணீர் ஓடுகிற இடத்துப் பாறை வேண்டும். அதற்காக வனத்துறை அனுமதியோடு செண்பகத்தோப்பு ஓடையில் கல் எடுத்து வந்தேன். "எம்மக செவ்வாயில தண்ணி தேடுதா" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். எனக்குச் செவ்வாய் தோஷம் என்றே பாதித் தெரு புரிந்துகொண்டது.

அந்த முறை என் கற்களில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. திரும்பத் திரும்ப அளந்தும் அப்படியே காட்டியது. ஓடைக் கல்லில் இவ்வளவு ஈயத்தை யாரும் கண்டதில்லை என்று துறையில் ஒரே கொண்டாட்டம். என் ஆய்வு நீளுமா, பாதியில் நிற்குமா என்பது இந்த முடிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கருத்தரங்கில் வாசிக்கப் பெயரும் கொடுத்துவிட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது பெருமையாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏன் தாயி, ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சேனே, அதுனால எதும் இருக்குமோ?"

"எதுக்குப்பா வச்சீங்க?"

"அந்தத் தட்டுல கெடந்த அம்புட்டுக் கல்லுக்கும்தான். பட்டாளத்துல துப்பாக்கிக்கே வைப்போம். நீ வைவியேன்னு பொறவு ஈரத்துண்டால தொடச்சிட்டேன்."

மறுநாள் அந்தக் குங்குமப் பொட்டலத்தைச் சோதித்தேன். அதன் சாயத்தில் ஈயம் இருந்தது. செவ்வாய்க்குப் போகிற என் வழி பூசைச் சாமான் கடையோடு நின்றுபோனது.

கருத்தரங்கில் மேடையேறி, கற்களில் வெளிப்பொருள் கலந்துவிட்டது, முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பொருள் என்று ஒருவர் கேட்டார். நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். என்னோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்துவிட்டார்.

"பொட்டு வச்சது நான்தான்யா. எம்புள்ள மேல தப்பில்ல."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. யாரும் கேவலமாகச் சிரிக்கவில்லைதான். எனக்கோ அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. பேருந்தில் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னால் நின்றுகொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னேன்: "இனிமே என் கல்லைத் தொடாதீங்கப்பா." அவர் சரி என்று தலையாட்டினார்.

இப்போது நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கையுறை போடாமல் யாரும் கல்லை நெருங்க முடியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் குங்குமக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவேன். ஆனால் கருத்தரங்கோடு நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அப்போது துறையில் புதிதாகக் கல் எடுத்துவரக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். காட்டோரத்து ஓடைக்குத் தனியாகப் போக அனுமதி கிடையாது என்பதால் அப்பா துணைக்கு வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். நடு ஓடையில் பாசி வழுக்கியது. இடுப்பு உயரப் பாறை அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை. கைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அப்படியே விழுந்தார். முழங்கால் கிழிந்து தண்ணீர் சிவந்தது.

"பாறையைப் பிடிச்சிருக்கலாமேப்பா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

ஓடையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தார். கைகள் இன்னும் நெஞ்சில்தான் இருந்தன.

"அது நீ எடுக்கப்போற கல்லா இருந்தா என்ன செய்ய, தாயி?"