குறட்டை நின்றுபோகும் நேரம்

வெயிலுமுத்து மினி பஸ் டிரைவர். கோவில்பட்டியிலிருந்து சுற்றுப்பட்டிகளுக்கு ஓட்டுகிறவர். அவர் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். படுத்ததும் தூங்குகிற மனுசன், கொடுத்து வைத்தவர் என்று தெருவே பொறாமைப்பட்டது. தூக்கம் கெட்டவள் என்று பேர் வாங்கியது அவர் மனைவி பொன்மணிதான். ஜாக்கெட் தைக்கிறவள், கண் எரிச்சலில் கைக்கு வெட்டிய துணியைக் கழுத்தில் வைத்துத் தைத்துவிட்டு வசவு வாங்கினாள். கண்ணேறு என்று திருநீறு போட்டார்கள், கயிறு கட்டினார்கள். தூக்கம் வந்தபாடில்லை.

கடைசியில் தூக்க மாத்திரை கேட்டு ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். படுத்தால் என்ன பயம் வருகிறது என்று கேட்டார் அந்த அம்மா. பொன்மணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். குறட்டை அவளுக்குத் தொந்தரவே இல்லை. அது திடீரென்று நின்றுபோகும் பாருங்கள், அதுதான் பயம். மூக்கருகே விரல் வைத்தால் காற்றே வராது. போய்விட்டாரோ என்று உலுக்கப் போகும்போது, திணறலோடு மூச்சு திரும்பும். அடுத்து எப்போது நிற்குமோ என்று விழித்தே கிடப்பாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். நோயாளி நீ இல்லை, அவர்தான் என்றார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்பித்தான் மூச்சை மீட்கிறது. படுத்துக் கிடக்கிறாரே ஒழிய அவர் சரியாகத் தூங்குவதே இல்லை; விட்டுப்போன தூக்கம் பகலில் கண்ணை இழுக்கும். வைத்தியம் உண்டு, அழைத்து வா என்றவர் கேட்டார்: "பகல்ல அவரு என்ன வேலை பார்க்காரு?"

மினி பஸ் ஓட்டுகிறார் என்று சொல்லும்போதே பொன்மணி எழுந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். விஷயத்தைச் சொன்னால், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார் வெயிலுமுத்து. அவளும் ஏறி, அவர் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். கரிசல் காட்டுக்கு நடுவே வளைவில்லாத ரோடு. அவர் இமை இறங்கும்போதெல்லாம் எதையாவது கேட்டுவைத்தாள்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. என்ஜினை அணைத்ததும் அவர் தலை சாய்ந்து குறட்டை கிளம்பியது. அண்ணாச்சி கொடுத்து வைத்தவர் என்று பின்னால் சிரித்தார்கள். குறட்டை நின்றது. சிரிப்பு நிற்கவில்லை. மூச்சு நின்றது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. ரயில் கடப்பதற்குள் மூச்சு திரும்பி, மறுபடி நின்றது. கேட் திறக்க, அவள் எட்டிச் சாவியை உருவினாள்.

பின்வண்டிகளின் ஹாரனில் அவர் திணறி விழித்தார். கண் முழுசாகத் திறக்குமுன்பே கை சாவியைத் தேடியது.

"சாவியக் குடுட்டி. இத்தன ஆளு உக்காந்திருக்காவ."

"அவிய இருக்காவன்னுதான் எடுத்தேன்," என்றாள் பொன்மணி.